கனவுலோக இசையும் கடும் வெயிலும்

பிரான்சு தேசத்தின் மேற்கே, நாந்த் நகரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவிலே, கிளிசோன் என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. இரண்டு ஆறுகள் கூடுமிடத்திலே பாழடைந்த பழங்கோட்டை ஒன்று. அதனைச் சுற்றி இத்தாலிய பாணியிற் கட்டப்பட்ட வீடுகள். ஊருக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம்வரை முந்திரிகைத் தோட்டங்கள். முஸ்கடே என்னும் வெள்ளைத் திராட்சைமதுவுக்குப் பெயர்பெற்ற நிலம் அது. ஊரிலே வாழ்வோர் தொகை ஏழாயிரத்தைச் சற்றே தாண்டும். ஆண்டின் பெரும்பகுதியிலும் அமைதியே உருவான இவ்வூருக்கு, யூன் மாதம் வந்ததும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 60,000 பேர் வந்து குவிகின்றனர். வருவோரிற் பெரும்பாலார் தலைமுதற் கால்வரை கறுப்பு அணிந்தவர்கள். ஆடவரிற் பலருக்குத் தோள்வரை நீண்ட கூந்தல். அவர்கள் நாடிவரும் விழாவின் பெயர் ஹெல்ஃபெஸ்ற். தமிழிலே சொல்வதானால் ‘நரகத் திருவிழா’. 2006ஆம் ஆண்டு முதல் அது நடந்து வருகிறது.

அங்கே முழங்கும் இசைக்கு ‘ஹெவி மெற்றல்’ என்று பெயர். கனமான உலோகம் என்பது அதன் பொருள். கன என்பதையும் உலோகம் என்பதையும் இலக்கண முறைப்படி புணர்த்தினாற் கனவுலோகம் என்றாகும். கனவு காணும் உலகம் என்றும் அதனைப் பிரிக்கலாமன்றோ? கேட்போர் எந்தப் பொருளிற் கொண்டாலும் பெரும் பிழை நேராது. ஏனெனில் இவ்விசை பிறந்த இடம் உலோகத் தொழிற்சாலைகள் நிறைந்த பேர்மிங்ஹாம் நகரம். அதனைப் பிறப்பித்தவர்களோ அத் தொழிற்சாலைகளிலிருந்து தப்பிச்செல்லக் கனவு கண்ட ஏழை இளைஞர்கள். அவர்களுள் ஒருவர் ரொனி ஐயோமி. 1965ஆம் ஆண்டு, தம் பதினேழாவது வயதிலே, தகட்டுத் தொழிற்சாலையில் இயந்திரத்தில் அகப்பட்டு வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை அவர் இழந்தார். இடக்கையாற் கிற்றார் மீட்டும் அவருக்குத் தந்தியை அழுத்தும் கை வலக்கையே. மனந்தளராத அவ் விளைஞர் பிளாத்திக்குப் போத்தலொன்றை உருக்கி விரல்நுனிக்குக் குல்லாய்கள் செய்துகொண்டார்; நோவு தெரியாதிருக்க மெல்லிய தந்திகளைப் பூட்டினார்; பின்னர் அவற்றின் சுருதியையும் இறக்கினார். அவ்வாறு பிறந்த தாழ்ந்த, கனத்த ஓசைதான் 1970இல் வெளிவந்த பிளாக் சபத் குழுவின் முதல் இசைத்தட்டிலிருந்து இன்றுவரை உலகெங்கும் ஒலிக்கிறது. அக்குழுவின் பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் 2025 யூலை 5ஆம் திகதி தம் பிறந்த ஊராகிய பேர்மிங்ஹாமிலேயே விடைபெறும் நிகழ்ச்சியை நடத்தி, அதே மாதம் 22ஆம் திகதி காலமானார்.

இவ்விசையின் அன்பர்கள் சுட்டுவிரலையும் சிறுவிரலையும் உயர்த்திக் கொம்பு போலக் காட்டுவது வழக்கம். அது பேயை வணங்கும் குறி என்று அஞ்சுவோர் பலர். ஆனால் அதனை இக்கூட்டத்தாரிடையே பரப்பிய பாடகர் ரொனி ஜேம்ஸ் டியோவோ, இத்தாலிய வழிவந்த தம் பாட்டியார் கண்ணேறு கழிப்பதற்குக் காட்டிய முத்திரை அது என்றே கூறிவந்தார். தோற்றத்தைக் கண்டு அச்சம் கொள்வோர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. இவ்விழாக்களிலே உண்மையாக அஞ்சத்தக்கது கொம்புமன்று, கூச்சலுமன்று. தலைக்கு மேலே காயும் சூரியனே அது.

2022ஆம் ஆண்டு யூன் 18ஆம் திகதி, சனிக்கிழமை, இதனை நன்கு விளக்கிய நாள். கொள்ளைநோய் காரணமாக இரண்டு ஆண்டுகள் நடைபெறாதிருந்த விழா, அவ்வாண்டு இரண்டு வார இறுதிகளிலே, மொத்தம் ஏழு நாட்களுக்கு விரிந்தது. அதே வேளையில் ஆபிரிக்காப் பக்கமிருந்து எழுந்த வெப்பக் காற்று பிரான்சு முழுவதையும் மூடியது. நாடு தழுவிய வெப்ப அலை ஆண்டின் இத்துணை முற்பகுதியிலே வந்தது, 1947 முதல் வைக்கப்பட்டுள்ள பதிவுகளில் அதுவே முதற்றடவை. தென்மேற்குக் கரையிலுள்ள பியாரிற்ஸ் நகரில் அச் சனிக்கிழமை 42.9 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. கிளிசோன் பக்கத்திலும் வெப்பம் 35 பாகையை நன்கு தாண்டிற்று.

முப்பத்தைந்து பாகை என்ன பெரிய வெயிலா என்று வவுனியாவிலும் மன்னாரிலும் உள்ள நேயர்கள் நகைக்கலாம். நகைப்பதற்கு முன் உடலின் கணக்கைச் சற்றுப் பார்த்தல் வேண்டும். சும்மா அமர்ந்திருக்கும் மனிதன் ஏறத்தாழ 100 உவாற்று வெப்பத்தைப் பிறப்பிக்கிறான். துள்ளிக் குதித்து ஆடும்போது அது நான்கு, ஐந்து மடங்காகிறது. இவ் வெப்பத்தை உடல் வெளியேற்றியாக வேண்டும். காற்று தோலைவிடக் குளிர்ந்திருக்கும்வரை அதனிடம் வெப்பத்தைக் கொடுத்துவிடலாம். தோலின் வெப்பநிலையோ ஏறத்தாழ 35 பாகை. காற்றின் வெப்பம் அதனைத் தாண்டிவிட்டால் கொடுக்கல் வாங்கல் தலைகீழாகிறது. காற்றே உடலுக்கு வெப்பத்தை ஊட்டத் தொடங்குகிறது. அப்பொழுது எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு லீற்றர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பத்தை எடுத்துச்செல்கிறது. கடும் வெயிலில் ஆடுவோன் ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றரும் அதற்கு மேலும் வியர்ப்பதுண்டு. வடிந்து நிலத்தில் விழும் வியர்வையாற் பயனில்லை என்பதையும் மறத்தலாகாது. ஆவியாகும் வியர்வையே குளிர்விக்கும்.

இனி, மேடையின் முன்னே நெருங்கி நிற்கும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். நாற்புறமும் மனித உடல்கள். ஒவ்வொன்றும் ஒரு சிற்றடுப்பு. இடையிலே காற்று புகுவதற்கு வழியில்லை. ஆயிரக்கணக்கானோரின் மூச்சும் வியர்வையும் அங்குள்ள காற்றை ஈரமாக்கிவிடுகின்றன. ஈரக் காற்றிலே வியர்வை ஆவியாக மறுக்கிறது. வானிலை நிலையத்தார் நிழலில் வைத்து அளந்து சொல்லும் பாகைக்கும், கூட்டத்தின் நடுவே நிற்பவன் உணரும் வெப்பத்துக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

பழக்கம் என்பதொன்றும் உண்டு. தொடர்ந்து வெயிலிலே உழைக்கும் உடல் ஓரிரு வாரங்களில் தன்னை மாற்றிக்கொள்கிறது. வியர்வை முன்னதாகவே அரும்புகிறது. அதிலே உப்புக் குறைகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. வன்னியிலே வயல் உழுவோனுக்கு இவ்வித்தை இயல்பாக அமைந்திருக்கும். வசந்தகாலக் குளிரிலிருந்து நேரே இவ் வெயிலுக்குள் வந்து விழுந்த நோர்மண்டி இளைஞனுக்கு அது கிடையாது. அதிலும் முற்பகல் தொடங்கி நள்ளிரவு கடந்தும் நிகழ்ச்சிகள் ஓய்வதில்லை. பிரதான மேடைகள் இரண்டு அருகருகே நிற்கின்றன. ஒன்றிலே வாசிப்பு நடக்கும்போது மற்றதில் அடுத்த குழுவினர் ஆயத்தமாகின்றனர். இசை நிற்பதில்லையாதலால் இரசிகனும் நிழலுக்குச் செல்வதில்லை. இவ்வேற்பாட்டை வகுத்தவர்கள் கெட்டிக்காரர்களே. எனினும் வெயில் நாளிலே இடைவேளை என்பதும் ஒரு மருந்து என்பதை எண்ணாமலிருக்க முடியவில்லை.

கறுப்புச் சட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பு ஒளியை உறிஞ்சும் என்பது பாலரும் அறிந்தது. அவ்வாறாயின் பாலைவனத்து நாடோடி அராபியர் கறுப்பு அங்கி அணிவதேன்? 1980ஆம் ஆண்டில் இக்கேள்விக்கு விடைகாண நெகேவ் பாலைவனத்திலே சோதனை செய்தார்கள். கறுப்பு அங்கி மிகுதியான வெப்பத்தை உறிஞ்சியது உண்மையே; ஆனால் அங்கி தொளதொளவென்று தொங்கியமையால், உடலுக்கும் துணிக்கும் இடையே ஓடிய காற்று அவ் வெப்பத்தைத் தோலை அடையுமுன்னரே கொண்டுபோயிற்று. வெள்ளை அங்கி அணிந்தவனும் கறுப்பு அங்கி அணிந்தவனும் ஒரே அளவு வெப்பத்தையே ஏற்றனர். ஆகவே குற்றம் நிறத்தில் மாத்திரமன்று, தைப்பிலும் உண்டு. உடலோடு ஒட்டிய கறுப்புப் பெனியனும் அதன்மேல் தோல் அங்கியும் அணிந்துவரும் இரசிகனுக்கு அந்த அராபியனுக்குக் கிடைத்த காற்று கிடைப்பதில்லை. இருப்பினும், தனக்குப் பிடித்த குழுவின் பெயர் பொறித்த சட்டையை வெயிலுக்கு அஞ்சிக் கழற்றிவைப்பவனை இவ்விழாக்களிலே காண்பதரிது.

அச் சனிக்கிழமை கிளிசோனில், மேடைக்கு முன்னிருந்து பெருங் குழாய்களாற் கூட்டத்தின்மீது நீர் பீய்ச்சப்பட்டது. கறுப்புக் கடல்போல் நின்ற கூட்டம் கைகளை உயர்த்தி அம் மழையை ஏந்திற்று. இது வேடிக்கையன்று, நல்ல வைத்தியம். வியர்வை செய்யவேண்டிய வேலையை வெளியிலிருந்து வந்த நீர் செய்கிறது. உடலிலுள்ள நீரும் உப்பும் மிச்சமாகின்றன. வறண்ட நிலத்திலே அறுபதினாயிரம் பேர் துள்ளும்போது எழும் புழுதியும் சற்று அடங்குகிறது. மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொண்டு திரிவோரைக் கண்டு கள்வர் கூட்டமோ என்று ஐயுற வேண்டியதில்லை. புழுதிக்காகக் கட்டியது அது.

தண்ணீர் இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு வேறொரு விழா சாட்சி கூறுகிறது. 1999ஆம் ஆண்டு யூலை 22 முதல் 25 வரை, நியூயோர்க் மாநிலத்தின் ரோம் என்னும் ஊரிலே, கைவிடப்பட்ட விமானப்படைத் தளமொன்றிலே வூட்ஸ்ரொக் விழா நடைபெற்றது. இரண்டு இலட்சம் பேர் கூடிய அவ்விடத்திலே மரநிழல் அரிது. காலின்கீழ் இருந்ததோ விமானங்கள் ஓடிய கொங்கிறீற்றும் தாரும். வெப்பம் 38 பாகையை எட்டியது. வாயிலிலே தண்ணீர்ப் போத்தல்கள் பறிக்கப்பட்டன. உள்ளே ஒரு போத்தல் தண்ணீரின் விலை நான்கு டொலர். இலவசக் குழாய்களின் முன் நெடுநேரம் காத்திருந்து பொறுமையிழந்த சிலர் குழாய்களையே உடைத்தனர். வழிந்த நீர் மலகூடங்களின் கழிவோடு கலந்து சேறாயிற்று. மெற்றாலிக்கா குழுவின் நிகழ்ச்சியின்போது இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவர் வெப்பத்தாற் சுருண்டு விழுந்தார். அவருடைய உடல்வெப்பம் 41 பாகையைக் கடந்திருந்தது. மருத்துவமனையிலே அவர் உயிர் பிரிந்தது. கடைசி இரவில் ஆத்திரங்கொண்ட கூட்டம் கடைகளுக்குத் தீ வைத்தது. அக் கலகத்துக்குக் காரணம் இசையே என்று அக்காலத்திற் பலர் எழுதினர். நா வறண்டவனிடம் நான்கு டொலர் கேட்டதை அவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. தண்ணீர்ப் பந்தல் வைத்துப் பழகிய மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இது கனவுலோக இசைக்கு மாத்திரம் உரிய தீங்கன்று. 2023 நவம்பரிலே பிறேசில் நாட்டின் றியோ டி ஜெனீரோ நகரில், முற்றிலும் வேறுவகை இசை நிகழ்ச்சியொன்றில், இளநங்கை ஒருத்தி வெப்பத்தால் உயிரிழந்தாள். அதன் பின்னரே, பெரிய நிகழ்ச்சிகளுக்கு மக்கள் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுசெல்ல அனுமதிக்க வேண்டுமென அந்நாட்டு அரசாங்கம் கட்டளையிட்டது.

தண்ணீரைவிட மதுவை நாடுவோரும் இவ்விழாக்களில் மிகப் பலர். ஜேர்மனியின் வடபகுதியிலே வாக்கன் என்னும் சிற்றூரில் 1990 முதல் நடக்கும் இதேவகைப் பெருவிழாவிற் பியரை நிலத்தின்கீழ்க் குழாய் வழியே ஓடவிட்டார்கள். 2017இல் இட்ட அக் குழாய்த்தொகுதியின் நீளம் ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர்! மதுவோ உடலின் நீரைச் சிறுநீராகக் கழிக்கச் செய்கிறது. அதனினும் கொடிது, தலைசுற்றலும் தடுமாற்றமும் வெறியால் வந்தவையா வெயிலால் வந்தவையா என்று அறியமுடியாதபடி செய்துவிடுகிறது. நண்பன் மதுவால் மயங்கிக் கிடக்கிறான் என்று எண்ணிப் போர்வை போர்த்திச் சென்றால், அது அவனுக்கு எமனாகலாம். வெயிலிற் கிடப்பவனுடைய பேச்சுக் குழறினால், இடம் காலம் தெரியாது விழித்தால், தோல் நெருப்பாய்ச் சுட்டால், அது மருத்துவரை உடனே அழைக்க வேண்டிய நிலை. மருத்துவர் வரும்வரை நிழலுக்குத் தூக்கிச் சென்று, மேலாடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிற வேண்டும். அறிவிழந்தவன் வாயிலே தண்ணீர் ஊற்றலாகாது. அளவின்றி வெறுந் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதிலும் ஆபத்துண்டு. இரத்தத்திலுள்ள உப்பு நீர்த்துப்போகும். உப்பிட்ட உணவும் இடையிடையே உண்ணுதல் நன்று.

அடுத்து, புதிதாகக் காண்போரை மிக அச்சுறுத்தும் காட்சி ஒன்றுண்டு. மேடைக்கு முன்னே கூட்டம் திடீரென விலகி வட்டமான வெளியொன்று தோன்றும். அதனுள்ளே இளைஞர்கள் ஒருவரையொருவர் மோதித் தள்ளிப் பாய்வார்கள். சில வேளைகளில் அனைவரும் ஒரே திசையிற் சுழன்றோடுவார்கள். 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியலார் இதனைப் படச்சுருள்களிலிருந்து ஆராய்ந்து, மோதுவோரின் வேகங்கள் பரந்திருக்கும் முறை வாயுவின் மூலக்கூறுகளுடையதை ஒத்திருக்கிறதெனக் கண்டனர். சுழன்றோடுவோர் பெரும்பாலும் இடஞ்சுழியாகவே ஓடுவதையும் குறித்தனர். மூலக்கூறுகளுக்கு இல்லாத ஒரு பண்பு இம் மனிதர்க்கு உண்டு. யாரேனும் விழுந்தால் அண்டையில் நிற்போர் உடனே நின்று, கைகோத்து அரணமைத்து, விழுந்தவனைத் தூக்கி நிறுத்துகின்றனர். எழுதப்படாத இச்சட்டத்தை மீறுபவனுக்கு அக்கூட்டத்தில் மதிப்பில்லை.

ஆயினும் நல்லெண்ணம் மாத்திரம் போதாது என்பதை 1988 ஓகஸ்ற் 20ஆம் திகதி உணர்த்திற்று. இங்கிலாந்தின் டொனிங்ரன் வெளியிலே நடந்த விழாவில், கூட்டம் அலைபோற் சாய்ந்தபோது இரண்டு இளைஞர்கள் கீழே அமுங்கி உயிரிழந்தனர். ஒரு சதுர மீற்றரில் ஐந்து பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் ஒருவன் தன் விருப்பப்படி அசைய இயலாது. பின்னாலிருந்து வரும் தள்ளுகை நீரலைபோல் முன்னேறுகிறது. நெரிசலில் மாள்வோரிற் பலர் மிதிபட்டு மாள்வதில்லை. நின்றபடியே நெஞ்சு விரிய இடமின்றி மூச்சடைத்து மாள்கின்றனர். ஆதலால் இக்காலத்துப் பெருவிழாக்களில் உறுதியான தடைவேலிகள் மேடைக்கு முன்னே நிறுத்தப்படுகின்றன. வேலிக்கும் மேடைக்கும் இடையே உள்ள ஒடுங்கிய பாதையிலே காவலர் நின்று, களைத்தவர்களைக் கைகொடுத்துத் தூக்கி எடுக்கின்றனர். முன்வரிசையினருக்குக் கோப்பைகளில் தண்ணீரும் நீட்டுகின்றனர். இசையைக் கேளாது கூட்டத்தின் முகங்களையே பார்த்துக்கொண்டு நாள் முழுவதும் மேடைக்கு முதுகு காட்டி நிற்கும் இவர்களைப் பாராட்டுவோர் சிலரே.

ஓசையைப் பற்றிக் கூறாமல் விடுதல் முறையன்று. பிரான்சு நாட்டில் 2017இல் வெளியான ஆணைப்படி, பதினைந்து நிமிடச் சராசரியாக 102 டெசிபெலுக்கு மேல் ஒலி செல்லலாகாது. கேட்போருக்குக் காதடைப்பான்களை இலவசமாகக் கொடுத்தலும் வேண்டும். சிறிய பஞ்சுருளை போன்ற அவற்றைச் செருகிக்கொண்டவனுக்கு இசை கெடுவதில்லை. மறுநாள் காதிலே இரைச்சல் இல்லாதிருப்பதே அவன் பெறும் ஊதியம்.

வெயிலுக்கும் ஓசைக்கும் ஓர் உறவு உண்டு. மேடையிலிருந்து தொலைவில் நிற்போர்க்காக நூறு மீற்றருக்கு அப்பாலும் ஒலிபெருக்கிக் கோபுரங்கள் நாட்டப்படுகின்றன. மின்சாரம் கம்பியிலே கண்ணிமைக்குமுன் சென்றுவிடும். காற்றிலே வரும் ஒலியோ நூறு மீற்றரைக் கடக்கச் செக்கனின் பத்திலொரு பங்கைப்போல மூன்று மடங்கு நேரம் எடுக்கும். இரண்டும் ஒருங்கே செவியை எட்ட, கோபுரத்து ஒலியை அவ்வளவு நேரம் தாமதிக்கச் செய்வர். ஆனால் ஒலியின் வேகம் 20 பாகையில் செக்கனுக்கு 343 மீற்றர். 35 பாகையில் 352 மீற்றர். ஆகவே நண்பகலில் அமைத்த கணக்கு நள்ளிரவுக்குப் பொருந்தாது. பொறியியலாளர் அதனைத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும்.

பகலிலே நிலத்தை ஒட்டிய காற்று சூடாகவும் மேலுள்ள காற்றுக் குளிர்ந்தும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து வானத்திலே போய்விடுகிறது. அயலூரார்க்கு அப்போது தொல்லை குறைவு. சூரியன் மறைந்து நிலம் குளிரத் தொடங்கியதும் இம்முறை மாறுகிறது. மேலே வெப்பம், கீழே குளிர். ஒலி நிலத்தை நோக்கி வளைகிறது. பகலெல்லாம் முந்திரிகைத் தோட்டத்தைத் தாண்டாத முரசொலி, இரவிலே இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள வீட்டின் சாளரத்தையும் வந்து தட்டுகிறது. வெப்பத்துக்காகச் சாளரத்தைத் திறந்துவைத்துப் படுத்திருக்கும் அவ்வீட்டார்க்கு உறக்கம் வருவதில்லை. அதே வேளையில் விழா வெளியிலே, பகலெல்லாம் வெந்தவர்கள் முதன்முறையாக உடலிலே குளிர்காற்றுப் பட, போத்தல்களை நிரப்பிக்கொண்டு கடைசிக் குழுவின் வருகைக்காக மேடையை நோக்கி நடக்கின்றனர்.